ருசி பாராத கை

திண்டுக்கல்லை விட்டுப் பழனிச் சாலையில் விடியற்காலையில் நடக்கத் தொடங்கியவன், வெயில் உச்சிக்கு ஏறுமுன் எங்கள் ரெட்டியார்சத்திரத்தை அடைந்துவிடுவான். ஊரின் பெயரிலேயே சத்திரம் இருக்கிறபடியால், வருகிறவனுக்கு உட்கார நிழலும் குடிக்கத் தண்ணீரும் கொடுப்பது இங்கே உள்ளவர்களுக்குத் தர்மமாக இருப்பதோடு, பெயரைக் காப்பாற்றிக்கொள்ளுகிற காரியமாகவும் ஆகிவிட்டது. தைப்பூசத்துக்கு நத்தம் வழியாகக் காவடி எடுத்து வருகிற நகரத்தார் கூட்டம், பங்குனி உத்திரத்துக்குப் போகிற பச்சை வேட்டிக்காரர்கள், கோபிநாத சுவாமி மலையைக் கண்டதும் நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு மேற்கே நடையைக் கட்டுகிறவர்கள் என்று, வருஷத்தில் இரண்டு பருவம் இந்தச் சாலை கால்களாலேயே நிரம்பியிருக்கும். எங்கள் வீட்டார் மூன்று தலைமுறையாகப் பங்குனியில் ஒரு தண்ணீர்ப் பந்தல் வைத்துவருகிறார்கள். நீர்மோர் ஒரு பானை, பானகம் ஒரு பானை. அதற்குமேல் ஆடம்பரம் ஒன்றும் இல்லை.

சென்ற பங்குனியில் என் தங்கை மகன் அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தான். பந்தலுக்கு ஓலை வேய்கிற வேலை முடிந்த அன்று மாலை, மாடியறையில் அவன் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தையும் நீண்ட கரண்டியையும் ஐஸ் கட்டிகளையும் பரப்பி வைத்துக்கொண்டு, ரை விஸ்கியைக் கொண்டு 'மன்ஹாட்டன்' என்கிற காக்டெயில் ஒன்றைக் கலக்க ஆரம்பித்தான். நான் குடிப்பவன் அல்லன். ஆனால் பிறர் ஒரு காரியத்தைச் சிரத்தையோடு செய்யும்போது, அந்தக் காரியம் எனக்குப் பிடிக்காததாக இருந்தாலும் பார்த்துக்கொண்டிருப்பதில் எனக்கு ஒரு விருப்பம் உண்டு. ரை என்பது நம் மண்ணுக்குப் பழக்கமில்லாத, குளிர் தேசங்களில் விளைகிற தானியம். அமெரிக்கச் சட்டப்படி, ஊற வைக்கிற தானியக் கலவையில் நூற்றுக்கு 51 பங்காவது அந்தத் தானியம் இருந்தால்தான் அந்த விஸ்கிக்கு அந்தப் பெயரை வைக்கலாம். மக்காச்சோளத்தில் வடித்த விஸ்கி நாக்கில் தித்திப்பாக இறங்குமாம். இது மிளகு கடித்தாற்போல் வறண்ட காரத்தோடு நிற்குமாம். அந்தக் காரத்தைத் தணிப்பதற்காக, 60 மில்லி விஸ்கிக்கு 30 மில்லி வெர்மூத் என்கிற மூலிகை ஊறிய இனிப்புத் திராட்சை மதுவைச் சேர்த்தான். இனிப்பு மேலோங்கிவிடாதபடி 'பிட்டர்ஸ்' என்னும் கசப்புச் சாற்றை இரண்டே உதறல் உதறினான். பிறகு ஐஸைப் போட்டு, சத்தம் வராமல் அரை நிமிஷம் கரண்டியைச் சுழற்றினான். குலுக்கக் கூடாதாம், குலுக்கினால் கலங்கிப்போகுமாம். ஐஸ் கரைந்து இறங்குகிற தண்ணீரும் கணக்கில் சேர்ந்ததுதான் என்றும், முடிவில் கோப்பையில் இருப்பதில் ஏறக்குறையக் கால் பங்கு அந்தத் தண்ணீரே என்றும் சொன்னான். கடைசியாக ஓர் உறிஞ்சுகுழலின் மேல்வாயை விரலால் அடைத்து, அதன் அடியில் தங்கிய ஒரு துளியை நாக்கில் விட்டு, கண்ணை மூடிப் பார்த்துத் தலையசைத்தான்.

"மாமா, எல்லாம் கணக்குத்தான். காரம், இனிப்பு, கசப்பு ஒண்ணை ஒண்ணு அமுக்கிடாம நிக்கணும். நாளைக்கு நீங்க பந்தல்ல கரைக்கப் போற பானகமும் இதே கணக்குத்தானே?" என்றான்.

அந்தப் பேச்சு எனக்கு முதலில் சுருக்கென்று தைத்தது. பிறகு யோசிக்க யோசிக்க, அவன் சொன்னதில் பிழை எங்கே இருக்கிறது என்று எளிதில் கண்டுபிடிக்க முடியாமற்போனது. வெர்மூத்துக்குப் பதில் எலுமிச்சைச் சாறும் சர்க்கரைப் பாகும் சேர்த்தால் அது 'சவர்' என்கிற வேறொரு வகையாகிவிடுமாம்; அப்படிப் பார்த்தால் பானகத்துக்கும் அதற்கும் இடையில் நிற்பது சாராயம் ஒன்றுதான். புளிப்புக்கு எலுமிச்சை, தித்திப்புக்கு நெய்க்காரப்பட்டிப் பக்கத்து வெல்லம், காரத்துக்குச் சுக்கு, வாசனைக்கு ஏலம், இத்தனையையும் சேர்த்துக் கட்டுவதற்கு ஒரு சிட்டிகை உப்பு. 'பஞ்ச்' என்று வெள்ளைக்காரர்கள் சொல்லுகிற கலவைப் பானத்தின் பெயரே நம்முடைய 'பஞ்ச' என்ற சொல்லிலிருந்து போனது என்று சொல்வதுண்டு. 17-ஆம் நூற்றாண்டில் இந்தக் கரைகளில் கப்பலோடு வந்து இறங்கிய மாலுமிகள் சாராயம், எலுமிச்சை, சர்க்கரை, தண்ணீர், வாசனைச் சரக்கு என்னும் ஐந்தையும் சேர்த்துக் குடித்தார்களாம். பழனியாண்டவர் சந்நிதியில் மலைவாழைப்பழத்தையும் நாட்டுச் சர்க்கரையையும் தேனையும் நெய்யையும் பேரீச்சையையும் பிசைந்து செய்கிற பஞ்சாமிர்தத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, அந்த ஐந்தின் வம்சாவளியில் ஒரு கிளை மலையேறிக் கோயிலுக்கும் மற்றொரு கிளை கப்பலேறி மதுக்கடைக்கும் போனதை நினைத்து நான் சிரித்துக்கொண்டதுண்டு.

இதைவிட விசித்திரமான ஒரு செய்தியை மருமகன் சொன்னான். காக்டெயில் என்றால் என்ன என்பதற்கு முதன்முதலாக அச்சில் இலக்கணம் சொன்னது, நியூயார்க் மாகாணத்து ஹட்சன் என்னும் சிற்றூரிலிருந்து வெளிவந்த ஒரு பத்திரிகையாம். வருஷம் 1806, மே மாதம். ஏதாவது ஒரு மது, சர்க்கரை, தண்ணீர், கசப்பு என்னும் நான்கின் சேர்க்கை அது என்று ஒரு வாசகருக்கு ஆசிரியர் பதில் எழுதியிருந்தாராம். அந்தப் பத்திரிகையின் பெயர் 'தராசு' என்று பொருள்படுகிற 'பாலன்ஸ்'! பெயர் வைத்தவர்கள் நினைத்தது எதுவோ; காலம் அதன் கையில் நிறுத்துக் கொடுத்தது குடிவகை. அந்தக் கசப்புங்கூட மருந்திலிருந்து வந்ததுதான். பொலிவாரின் படையில் மருத்துவராயிருந்த சீகர்ட் என்னும் ஜெர்மானியர் 1824-இல் வெனிசுவேலாவில் அங்கோஸ்டுரா என்ற ஊரில் வயிற்றுக் கோளாறுக்கென்று காய்ச்சி இறக்கியதே இன்றைக்கு உலகமெங்கும் கோப்பைகளில் உதறப்படுகிறது. நம் சுக்கைப் போலத்தான்.

ஆகவே பொருளை வைத்துப் பார்த்தாலும் கலக்கும் முறையை வைத்துப் பார்த்தாலும் இரண்டையும் பிரிக்கச் சுவர் ஒன்றும் அகப்படவில்லை. அன்றிரவு எனக்கு என் அப்பத்தாவின் ஞாபகம் வந்தது.

ஸ்ரீராமநவமியன்று பஜனை மடத்துக்குப் பானகம் கரைத்துக் கொடுப்பது அவளுடைய பொறுப்பு. ஒரு லிட்டருக்கு 150 கிராம் வெல்லம், ஓர் எலுமிச்சம்பழம், அரைத் தேக்கரண்டிச் சுக்குப் பொடி என்று இன்று நான் எழுதி வைத்திருக்கிற அளவெல்லாம் அவளுடைய கையைப் பார்த்துப் பின்னால் நான் கண்டுபிடித்தவையே. அவள் எதையும் நிறுத்ததில்லை, அளந்ததில்லை. வெல்லத்தைக் கரைத்து, மண்ணும் சக்கையும் போக வெள்ளைத் துணியில் வடிகட்டிய பிறகு, ஒரு சொட்டை எடுத்துக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் தேய்த்துப் பார்ப்பாள். விரல்கள் ஒட்டிப் பிரிகிற பிசுபிசுப்பிலே இனிப்பு எவ்வளவு என்று அவளுக்குத் தெரிந்துவிடும். எலுமிச்சை பிழிந்ததும் பானைவாயில் முகத்தைக் கவிழ்த்து மூச்சை இழுப்பாள். புளிப்பு மூக்குக்கு வரும்போது வெல்ல வாசனை அதன் பின்னால் வரவேண்டும், முன்னால் வந்தால் இன்னும் அரை மூடி பிழியவேண்டும் என்பது அவள் சாஸ்திரம். நிறத்தைப் பார்ப்பாள். ஒரு செம்பிலிருந்து மற்றொரு செம்புக்கு ஆற்றும்போது விழுகிற ஓசையைக்கூடக் கவனிப்பாள். வாயில் மட்டும் வைக்கமாட்டாள். சிறுபிள்ளையாயிருந்த நான் விரலை நனைத்து நக்கப்போன ஒருநாள், என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "சாமிக்கு முந்தி ஒன் நாக்கு எதுக்குடா முந்துது?" என்றாள். பிரசாதம் விநியோகமாகி, எல்லோரும் குடித்து, 'அமிர்தம்' என்று சொல்லிவிட்டுப் போன பிறகு, பானை அடியில் மிஞ்சியதை ஒரு டம்ளரில் ஊற்றிக் குடிப்பாள். தான் செய்ததன் ருசி அவளுக்குத் தெரிகிற முதல் நேரம் அதுதான். திருத்துவதற்கு அப்போது ஒன்றும் மிச்சமிராது.

நைவேத்தியத்தை ருசிபார்க்கக் கூடாது என்ற விதியை ஆசாரத்தின் கெடுபிடியாக மட்டும் கொள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த விதி சமைப்பவனுடைய அறிவுக்கு முன்னால் ஒரு கடினமான வினாவை வைக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது: தன்னையே அளவுகோலாக வைத்துக்கொள்ளாமல் ஒருவனால் அளவை அறிய முடியுமா? சாதாரணமாக நாம் எதையும் நம் நாக்கில் பட்டுத்தான் தெரிந்துகொள்ளுகிறோம். எனக்கு இனித்தால் இனிப்பு, எனக்கு உறைத்தால் உறைப்பு. அப்பத்தாவின் முறையிலோ 'எனக்கு' என்ற சொல்லே நீக்கப்பட்டிருக்கிறது. விரலும் மூக்கும் கண்ணும் காதும் சாட்சி சொல்லலாம். நாக்கு மட்டும் சாட்சிக் கூண்டில் ஏறக் கூடாது, ஏனென்றால் அது வழக்கில் பாத்தியதை உள்ள சாட்சி.

இதற்கு உடனே ஒரு மறுப்பு உண்டு; அதை மறைப்பது நேர்மையல்ல. சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் பாடிய பெரியபுராணத்தில் கண்ணப்பர், இறைச்சியில் நல்ல துண்டு எது என்று வாயிலிட்டுச் சுவைத்துப் பார்த்துத் தேர்ந்தல்லவா காளத்தியப்பருக்குப் படைத்தார்? நீரையும் வாயிலேயே முகந்துகொண்டுபோய் உமிழ்ந்தல்லவா திருமஞ்சனம் செய்தார்? விதிப்படி பூசை செய்த சிவகோசரியார் அதைக் கண்டு நடுங்கினார். இறைவனோ அந்த எச்சிலை உவந்தான். வால்மீகி சொல்லாவிட்டாலும் மக்கள் சொல்லிச் சொல்லி வளர்த்த சபரியின் கதையிலும் கடித்துப் பார்த்த பழமே இராமனுக்குப் போகிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கண்ணப்பர் நாக்கில் விழுந்த சுவை அவருடைய பசிக்குப் போய்ச் சேரவில்லை. பசியோடு இருந்த வேடர் தாம் சுவைத்த நல்ல துண்டை விழுங்காமல் எடுத்து வைத்தார் என்பதில்தான் அந்தக் கதையின் முழுப் பாரமும் இருக்கிறது. அப்பத்தா நாக்கைக் கூட்டத்துக்கு வரவிடவில்லை. கண்ணப்பர் வரவிட்டு அதன் பங்கைக் கொடுக்கவில்லை. பாதை வேறானாலும் இருவரும் ஓரிடத்துக்கே போகிறார்கள்.

அப்படியானால் விருந்தாளிக்காகக் கலக்கி, உறிஞ்சுகுழலில் ஒரு துளி மட்டும் எடுத்துச் சரிபார்த்துக் கொடுக்கிற என் மருமகனும் ஒரு கண்ணப்பன்தானா? விளையாட்டாக இதைக் கேட்கவில்லை. சங்க காலத்து ஔவையார் அதியமானை இழந்து பாடிய புறநானூற்றுக் கையறுநிலையைப் படித்தவர்கள், கள் கொஞ்சமாக இருந்த நாளில் தனக்கு வைத்துக்கொள்ளாமல் பாணர்களுக்கே கொடுத்தும், நிறைய இருந்த நாளில் அவர்களோடு சேர்ந்து குடித்து மகிழ்ந்தும் வாழ்ந்த ஒரு தலைவனை மறந்திருக்க முடியாது. அங்கே மதுவின் அளவு பகிர்வினால் வரையறுக்கப்படுகிறது. தமிழின் முதல் குரல் மதுவைத் தூற்றவில்லை என்பதை ஒப்புக்கொண்டுதான் மேலே போகவேண்டும்.

மேலே போனால் வள்ளுவர் வழியை மறிக்கிறார். அதிகாரங்களை அவர் வைத்திருக்கிற வரிசையை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். புலால் மறுத்தலை அறத்துப்பாலில் வைத்தவர், கள்ளுண்ணாமையைப் பொருட்பாலில், 93-ஆவதாக, வரைவின் மகளிருக்கும் சூதுக்கும் நடுவில் வைக்கிறார். சூதை அடுத்து உடனே 95-ஆவதாக மருந்து வருகிறது. மருந்தில் மிகுதி, குறைவு, அளவு என்ற பேச்சே பேச்சு. பசி அறிந்து உண், அளவறிந்து உண் என்பதை அங்கே எத்தனை விதமாகச் சொல்ல முடியுமோ அத்தனை விதமாகச் சொல்லுகிறார். இரண்டே அதிகாரம் முன்னால் கள்ளைப் பற்றிப் பேசியபோதோ 'அளவோடு' என்று அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அளவின் ஆசிரியர் அளவைப் பற்றி மௌனமாகிவிடுகிற இடம் அது.

இவர் மட்டுமல்ல. வீணையின் நரம்பை முறுக்கவும் கூடாது, தளர்த்தவும் கூடாது என்று சோணன் என்கிற சீடனுக்கு உவமை காட்டி மத்திமப் பாதையைப் போதித்த புத்தர், பஞ்சசீலத்தில் ஐந்தாவதாக மதுவை வைத்தபோது நடுப்பாதை எதையும் திறந்து வைக்கவில்லை. கிரேக்கத்து அரிஸ்டாட்டிலும் நற்குணம் என்பது இரண்டு ஓரங்களுக்கு நடுவில் இருப்பது என்று நிறுவியவரே. அந்த நடுவும் கூட்டிப் பாதியாக்குகிற நடு அல்ல, மைலோ என்ற மல்லனுக்கு எது கொஞ்சமோ அது புதிதாகப் பயிற்சி தொடங்கியவனுக்கு அதிகம் என்றார். (எங்கள் பந்தலில் இதை வருஷந்தோறும் பார்க்கலாம். திண்டுக்கல்லில் பஸ் இறங்கி நடந்தவன் "உப்புக் கொஞ்சம் தூக்கல்" என்பான். அவன் பின்னாலேயே மூன்று நாளாக வேர்த்து நடந்து வந்தவன் இரண்டாவது டம்ளருக்குக் கையை நீட்டுவான்.) அதே அரிஸ்டாட்டில், திருட்டு, கொலை போன்ற சில காரியங்களுக்கு நடு என்பதே கிடையாது என்று விலக்கும் சொல்லி வைத்தார். மதுவை அவர் அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை, நம்மவர்கள் சேர்த்தார்கள். ஏன் சேர்த்தார்கள் என்பதுதான் கேள்வி.

என் புத்திக்கு எட்டிய காரணம் இது. உப்பை எவ்வளவு போட்டாலும் நாக்கு 'உப்பு' என்று சொல்லும். வெல்லம் திகட்டினால் வயிறே போதும் என்று விலக்கும். எந்தப் பண்டமும் தன் மிகுதியைத் தானே அறிவிக்கிறது. மது ஒன்றுதான் தன்னை நிறுக்கிற தராசையே கரைத்துவிடுகிற சரக்கு. முதல் கோப்பையின் சமநிலையை அறிந்த நாக்கும் மூன்றாவது கோப்பையின் சமநிலையைத் தீர்ப்பளிக்கிற நாக்கும் ஒரே வாயில் இருந்தாலும் ஒரே நீதிபதி அல்ல. இடையில் நீதிபதியும் கலவையில் சேர்ந்துவிட்டார். கோப்பைக்குள் காரமும் இனிப்பும் கசப்பும் எவ்வளவு நேர்த்தியாக நின்றாலும், அந்த நேர்த்தியே கையை அடுத்த கோப்பைக்கு நீட்டச் செய்கிறது. பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்ற பழமொழியில் பாத்திரம் என்பது வாங்குகிறவனுடைய தகுதி. கோப்பையாகிய பாத்திரத்தில் சமநிலை இருப்பது, ஏந்துகிறவனாகிய பாத்திரத்திலும் இருப்பதற்கு அத்தாட்சியாகாது.

இந்தத் தர்க்கத்தை மறுநாள் காலை மருமகனிடம் சொன்னபோது, அவன் கோபப்படாமல், "நான் நேத்து ஒண்ணோட நிறுத்திட்டேனே மாமா, பார்த்தீங்கல்ல?" என்றான். உண்மைதான்; பார்த்தேன். இரண்டாவதைத் தொடாமல் புட்டியை மூடி அலமாரியில் வைத்துவிட்டுத்தான் படுக்கப் போனான். எப்போது அப்படித் தீர்மானித்தாய் என்று கேட்டேன். "ஐஸ் எடுக்கும்போதே. ஒரு கிளாஸுக்குத்தான் எடுத்தேன்" என்றான்.

அந்தப் பதில் என்னை வாயடைக்கச் செய்தது. அவன் கோப்பையைச் சரிபார்த்தது குழலின் துளியினால். தன்னைச் சரிபார்த்ததோ நாக்கு நனைவதற்கு முன்னாலேயே. அந்த மட்டிலே அவனும் அப்பத்தாவின் கொள்ளுப்பேரன்தான். 1937-ஆம் வருஷம் அக்டோபர் முதல் தேதி ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கி வைத்ததும், 1971-இல் அது நீங்கியதும், 1974-இல் திரும்பியதும், பின்னர் அரசாங்கமே சில்லறைக் கடை நடத்துகிற நிலைக்கு வந்ததுமான நெடுங்கதையில் ஒரு சர்க்கார் வெளியிலிருந்து தேடிக்கொண்டிருப்பதும், இந்த நனையாத நாக்கின் தீர்மானம் ஒன்றைத்தான் போலும்.

பனைமரம் ஏறுகிறவர்களுக்கு இது புத்தகத்தில் படிக்கவேண்டிய விஷயம் அல்ல. பாளையிலிருந்து சொட்டுவது ஒரே நீர். கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் காலையில் இறங்குவது பதநீர். தடவாமல் கட்டினால் இறங்குவது கள். 1987 முதல் இந்த மாநிலத்தில் கள்ளுக்குத் தடை, பதநீருக்கு இல்லை. சட்டத்தின் எல்லைக்கோடு ஒரு கைச் சுண்ணாம்பினால் வரையப்பட்டிருக்கிறது. அந்தச் சுண்ணாம்பையும் கலயத்தை மரத்தில் கட்டுவதற்கு முன்னேதான் தடவவேண்டும். நுரைத்துப் பொங்கிய பிறகு எவ்வளவு கொட்டினாலும் பதநீர் திரும்பாது. பாற்கடலைக் கடைந்தபோது வாருணியும் அமிர்தமும் ஒரே கடலிலிருந்துதான் வந்தன. வாருணியை ஏற்றுக்கொண்டவர்கள் தேவர்கள் என்றும், மறுத்தவர்கள் அசுரர்கள் என்றும் வால்மீகி சொல்லுவதைக் கேட்டு இளமையில் நான் திகைத்ததுண்டு. இப்போது அவ்வளவு திகைப்பில்லை.

மங்களகிரி நரசிம்மருக்கு எத்தனை குடம் பானகம் வார்த்தாலும் பாதியை உண்டு பாதியைத் திருப்பிவிடுவார் என்று ஆந்திர தேசத்தில் நம்பிக்கை. எங்கள் பந்தலில் அப்படித் திருப்புகிறவர் யாரும் இல்லாவிட்டாலும், உத்திரத்துக்கு முந்தின நாள் மாலை, கூட்டம் ஒட்டன்சத்திரம் பக்கம் நகர்ந்துவிட்ட பிறகு, அரைப் பானை மிஞ்சிவிட்டது. களைப்பினால் அதை யாரும் கவனிக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் பானையைக் கழுவ எடுத்த மருமகன் என்னைக் கூப்பிட்டான். பங்குனி இரவின் புழுக்கத்தில் வெல்லநீரின் மேல் மெல்லிய நுரை கட்டியிருந்தது; அடியிலிருந்து குமிழிகள் ஒவ்வொன்றாய் மேலே வந்து உடைந்துகொண்டிருந்தன; ஏலமும் எலுமிச்சையும் இருந்த இடத்தில் புளித்த வாசனை ஒன்று எழுந்தது. அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் பானைவாயில் முகத்தைக் கவிழ்த்து மூச்சை இழுத்தேன். பிறகு இருவருமாகப் பானையைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பந்தலுக்குப் பின்னால் இருந்த வேப்பமரத்தடியில் கவிழ்த்துவிட்டு, புதிதாக வெல்லம் தட்ட உட்கார்ந்தோம்.